குரல்வளையில் ஒரு வெளிச்சம்

கோயம்புத்தூருக்கு மெட்ரோ ரயில் வந்து, அதன் இருக்கைகளில் காதலர் பெயர்கள் கிறுக்கப்பட்டு, கிறுக்கியவர்களில் சிலருக்கு வேறு இடத்தில் கல்யாணமும் ஆகிவிட்டிருந்த காலம். மனிதர்கள் செய்துவந்த வேலைகளை இயந்திரங்கள் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டுவிட்டன. பட்டிமன்றத்தை மட்டும் எதுவும் தொடவில்லை. ஒரு கம்பெனி முயன்று பார்த்ததாகச் சொல்வார்கள். அவர்கள் செய்த இயந்திர நடுவர் தலைப்பைக் கேட்ட மாத்திரத்தில் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. விடிய விடியக் கேட்கலாம் என்று பாயும் தலையணையுமாக வந்திருந்த ஜனம் அதை அடிக்கப் போய்விட்டதாம்.

ஆகவே 'பேச்சுப் பேரருவி' சென்னியப்பனுக்கு வேலை இருந்தது. 'குடும்ப நிம்மதியைக் கெடுப்பது ரோபோவா, உறவினரா?' என்ற தலைப்பில் மட்டும் கொங்கு நாடு முழுக்கப் பேசியிருந்தார். பேரருவி என்ற பட்டத்தைத் தமக்குப் பெருந்துறை மக்கள் மனமுவந்து அளித்ததாக மேடைதோறும் சொல்வார். "பேனர் கடைக்கு எழுதிக் குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியுமுங்க" என்பார் அவர் மனைவி துளசிமணி. அதை மேடையில் சொல்வதில்லை; சாம்பார் ஊற்றும்போது சொல்வார்.

மூன்று வருடங்களுக்கு முன் பேரருவியின் தொண்டையில் புற்று வந்தது. கதிர்வீச்சு கொடுத்தார்கள். குரல் அடியோடு போய், பிறகு மெல்லத் திரும்பியது. திரும்பியபோது கூடவே ஒரு கரகரப்பையும் அழைத்து வந்திருந்தது. "முன்னுக்கு இப்ப ஆழம் வந்திருக்குதுங்க ஐயா" என்று ரசிகர்கள் சொல்லப்போக, தமக்கு வந்தது நோயே அல்ல, இறைவன் கொடுத்த குரல் பயிற்சி என்று அவர் நம்பத் தொடங்கியிருந்தார். வருடம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய், போன நோய் போன இடத்திலேயே இருக்கிறதா, திரும்பி எட்டிப் பார்க்கிறதா என்று படம் எடுத்துப் பார்த்துவிட்டு வருவது வழக்கம்.

இந்த வருடம் ஆஸ்பத்திரியில் புது இயந்திரம் வந்திருந்தது. பெயர் திரிநேத்ரா. வைத்தவர் இயக்குநர் டாக்டர் இளஞ்சேரலாதன். ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டியதை ஒன்பது வாக்கியத்தில் சொல்பவர் என்பதால் அவரைச் சென்னியப்பனுக்குப் பிடிக்காது. ஒரே தொழிலில் இருப்பவர்களுக்கு நடுவில் வருகிற இயல்பான கசப்புதான்.

படம் எடுக்கும் பிரிவில் இருந்த டாக்டர் மெஹருன்னிசா அப்படியில்லை. துளசிமணி அவரிடம் கேட்டார்:

"இதென்னுங்க டாக்டரம்மா, போன வருசம் வேற மெஷினு இருந்துச்சே?"

"அது பழசும்மா. ஆனா சூத்திரம் ஒண்ணுதான். சர்க்கரை மாதிரி ஒரு மருந்தை ஊசியில ஏத்துவோம். உடம்புல எந்த எடம் உழைக்குதோ அது சர்க்கரையை எடுத்துக்கும். புத்துநோய் இருக்கே, அது பந்தியில மொத ஆளா உக்காந்து பக்கத்து எலையையும் வழிச்சுத் திங்கற ரகம். அது தின்ன எடம் படத்துல பளிச்சுன்னு எரியும். பழைய மெஷினுக்கு அது கடலைப்பருப்பு அளவு வளரணும். இதுக்குக் கடுகுல பாதி போதும்."

"அப்ப உழைக்கற எடம் எல்லாமே எரியுமுங்களா?"

"அதுக்குத்தான் ஊசி போட்டப்புறம் ஒரு மணி நேரம் ஆடாம அசையாம, எதையும் மெல்லாம உக்காரச் சொல்றது. சாருக்குத் தொண்டைங்கறதால பேசவே கூடாது."

துளசிமணி கணவரை ஒரு தரம் பார்த்தார். ஆனைமலையை அரை அடி நகர்த்தி வைக்கச் சொன்னால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி.

ஆனால் சென்னியப்பன் ஜெயித்துக் காட்டினார். ஊசி போட்டதும் அவரை உட்கார வைத்த அறைக்கு 'மௌன மண்டபம்' என்று பெயர். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடிச் சுவர், எதிரே இயக்குநரின் ஆளுயரப் படம். படத்துக்குக் கீழே 'மௌனமே மாமருந்து' என்று இயக்குநரே அருளிய பொன்மொழி. சென்னியப்பன் அதைப் படித்தார். வாய் திறக்கவில்லை. இருமவில்லை. கனைக்கவில்லை. 'நடுவர் அவர்களே, மௌனம் மருந்தென்றால் ஊமைக்குக் காய்ச்சல் வருவானேன்?' என்று மனதுக்குள் மட்டும் தொடங்கி, ஒரு மணி நேரத்தில் அந்தப் பொன்மொழியைத் தோலுரித்து, உப்புக்கண்டம் போட்டு, கைதட்டலும் வாங்கிவிட்டார். பொழுது போனதே தெரியவில்லை.

மறுநாள் இயக்குநரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். சுவர் அகலத் திரையில் சென்னியப்பனின் உடம்பு சாம்பல் நிறத்தில் நின்றது. எல்லாம் மங்கல். தொண்டையில் மட்டும் கார்த்திகை தீபம் ஏற்றி வைத்ததுபோல் ஒரு வெளிச்சம்.

"வாழ்த்துகள்" என்றார் இயக்குநர் எழுந்து கையை நீட்டி. "மருத்துவ வரலாற்றில் இத்தனை ஆரம்ப நிலையில் மறுவருகை கண்டறியப்பட்டதில்லை. இந்தப் பெருமையில் தங்களுக்கும் பங்கு உண்டு."

கை நீட்டியவருக்குக் கை கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்று சென்னியப்பன் கொடுத்துவிட்டார். பிறகுதான் விஷயம் உள்ளே இறங்கியது.

"திரும்ப வந்திருச்சுங்களா?" என்றார் துளசிமணி.

"வந்துவிட்டது என்று திரிநேத்ரா கூறுகிறது. அறுவை சிகிச்சைக்கான நாளையும் அதுவே குறித்துவிட்டது. அடுத்த செவ்வாய். ஏற்கெனவே கதிர்வீச்சு கொடுத்த இடம் என்பதால் குரல்வளையை முழுமையாக அகற்ற வேண்டியிருக்கும்."

"அகற்றினா..." என்று சென்னியப்பன் தொடங்கினார். வாக்கியத்தை முடிக்க வார்த்தை கிடைக்கவில்லை. அவர் வாழ்க்கையில் இது முதல் தடவை.

"கவலை வேண்டாம். தங்கள் பழைய உரைகள் அத்தனையும் எங்களிடம் உள்ளன. அவற்றை வைத்து ஒரு செயற்கைக் குரல் தயாரித்துவிட்டோம். தட்டச்சு செய்தால் அது பேசும். கேளுங்கள்." அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். "நடுவர் அவர்களே, நல்லோர் நிறைந்த இந்த அவையிலே" என்றது மேசைமேல் இருந்த டப்பா. பேரருவியின் குரலேதான். கரகரப்புகூட அளவாகப் போட்டிருந்தார்கள். மூச்சு வாங்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை.

"எப்படியிருக்கிறது?" என்றார் இயக்குநர், தாமே பெற்ற பிள்ளை திருக்குறள் ஒப்பித்ததுபோல.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் துளசிமணி. "இத நீங்களே வெச்சுக்குங்க."

வெளியே நடையில் டாக்டர் மெஹருன்னிசா அவர்களை மறித்து, தம் சிறிய அறைக்குள் அழைத்துக்கொண்டு போனார். அங்கே அதே படம், ஆனால் பெரிதாக்கப்பட்டு.

"சார், கோவிச்சுக்காதீங்க. நேத்து உள்ள பேசுனீங்களா?"

"சத்தியமா இல்லீங்க டாக்டர். வாயே தொறக்கல."

"கேமராவுலயும் அப்படித்தான் இருக்கு. சத்தமும் பதிவாகல. ஆனா இதைப் பாருங்க. புத்துன்னா ஒரு பக்கமாத்தான் ஆரம்பிக்கும். ஒருதலைப்பட்சமான ஆளு அது. இந்த வெளிச்சம் ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கு, பட்டிமன்ற நடுவர் மாதிரி. இது நோய் இல்ல, உழைப்புன்னு எனக்குத் தோணுது. தொண்டைத் தசை ஒரு மணி நேரம் விடாம வேலை செஞ்சிருக்கு."

"பேசாம எப்படிங்க வேலை செய்யும்?"

துளசிமணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"வாயத் தொறக்கலீங்க டாக்டரம்மா. ஆனா பேசீட்டுத்தான் இருந்தாரு. நான் கண்ணாடிக்கு இந்தாண்ட நின்னு பாத்தனே. கொரவளை ஏறி எறங்கி, ஏறி எறங்கி, ஒரல்ல ஒலக்கை போடற மாதிரி. மனசுக்குள்ள யாரையோ போட்டுத் துவைச்சுட்டு இருந்தாரு."

டாக்டர் சென்னியப்பனைப் பார்த்தார். சென்னியப்பன் தரையைப் பார்த்தார்.

"மௌனமே மாமருந்துன்னு எழுதியிருந்துச்சுங்க" என்றார் ஒப்புக்கொள்ளும் குரலில். "மறுப்புச் சொல்லாம இருக்க முடியல."

டாக்டருக்கு வந்த சிரிப்பை அவர் இருமலாக மாற்றிக்கொண்டார். "மனசுக்குள்ள பேசறப்பவும் தொண்டைத் தசை லேசா அசையும் சார். பழைய மெஷினுக்கு அது தெரியாது. இதுக்குத் தெரியுது. ஆனா அது பேச்சா நோயான்னு பிரிச்சுப் பாக்க யாரும் இதுக்குச் சொல்லித் தரல. எரிஞ்சா நோய், அவ்வளவுதான்."

"அத நீங்க சொல்லிட்டாப் போதாதுங்களா?"

"டாக்டர் பேச்சு மெஷின் பேச்சை மீறக் கூடாதுன்னு இப்ப விதி. போன வருசம் வந்தது. ஒரே ஒரு வழிதான் இருக்கு, மறுபடியும் ஒரு தடவை படம் எடுக்கலாம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. திங்கக்கிழமைக்கு நான் எழுதி வாங்கறேன். அதுலயும் எரிஞ்சா, செவ்வாய்க்கிழமை ஆபரேஷனை யாராலயும் நிறுத்த முடியாது." டாக்டர் கொஞ்சம் முன்னால் குனிந்தார். "ஒரு மணி நேரம் சார். மனசுக்குள்ளயும் பேசாம."

"தூக்க மாத்திரை ஏதாவது?"

"கூடாது. முழிச்சுத்தான் இருக்கணும்."

வடவள்ளியில் அவர்கள் வீட்டில் அன்றைக்கே பயிற்சி தொடங்கியது. சென்னியப்பன் ஒரு நாற்காலியில். எதிரே இன்னொரு நாற்காலியில் துளசிமணி, மடியில் முருங்கைக்கீரை. கீரையை உருவிக்கொண்டே கணவரின் கழுத்தைப் பார்ப்பார்.

முதலில் தியானம். சென்னியப்பன் கண்ணை மூடி மருதமலை முருகனை நினைத்தார். முருகன் வந்தார். மயிலோடு வந்தவரிடம், 'ஐயனே, பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு போனது சரியா, தவறா?' என்று சென்னியப்பன் ஆரம்பித்துவிட்டார்.

"ஏறுது" என்றார் துளசிமணி.

எண்ணிப் பார்த்தார். ஏழு வரைக்கும் ஒழுங்காகப் போனது. எட்டுக்கு மேல், எண்ணில் சிறந்தது ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்று இரண்டு அணிகள் பிரிந்துவிட்டன.

"ஏறுது."

செய்தி சேனலைப் போட்டார்கள். அதைச் சொல்லவே வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் மீன் தொட்டியை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தார்கள். மீன் பேசாது என்பது உண்மைதான். அதற்காகவே அவர் அதன் பக்கத்தையும் சேர்த்துப் பேச வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேரருவி வற்றிப்போய் உட்கார்ந்திருந்தார். பட்டம், பொன்னாடை எதுவும் அப்போது மேலே இல்லை. ஒரு பழைய பனியன்தான் இருந்தது.

"துளசி."

"சொல்லுங்க."

"கொரலு போயிருச்சுன்னா நான் யாரு? மேடையில ஏத்துவாங்களா? ஏத்துனாலும் அந்த டப்பாவத்தான் ஏத்துவாங்க. நான் அதுக்குத் தண்ணி பாட்டில் தூக்கீட்டுப் பின்னால போகோணும்."

துளசிமணி அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய்யை ஊற்றி அவர் முன்னால் வைத்தார். பிறகு எதிரே உட்கார்ந்து, "காலைல நம்ம மக பூங்கொடி கூப்ட்டா..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தவர், நிறுத்திக்கொண்டார்.

"ஏறுது."

"நீ பேசறத நான் கேட்டுட்டுத்தானே இருக்கறேன்?"

"நீங்க எங்கீங்க கேக்கறீங்க? உங்க மொறை வர்றதுக்குக் காத்துட்டு இருக்கீங்க. கல்யாணம் ஆன நாள்லருந்து பாக்கறேன். நான் ரெண்டாவது வார்த்தை சொல்றதுக்குள்ள உங்க கொரவளை மேல ஏறிக்கும். பூங்கொடி என்ன சொல்லப்போறான்னு எனக்கே தெரியாது, அதுக்குள்ள நீங்க அவளுக்கு மறுப்புத் தயார் பண்ணீட்டீங்க."

சென்னியப்பன் மறுக்க வாயெடுத்தார். மறுத்தால் துளசிமணி சொன்னது நிரூபணம் ஆகிவிடும் என்பது புரிந்து, ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

"நேத்து உங்க தம்பி பொண்டாட்டி போன் பண்ணுனா" என்றார் துளசிமணி, சாதாரணமாக. "உங்களப் பத்தி ஒண்ணு சொன்னா பாருங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு."

சொல்லிவிட்டு நெய்க் கிண்ணத்தை மூடினார். ஸ்பூனைத் துடைத்தார். எழுந்து போய்க் குழாயைத் திறந்தார்.

"என்ன சொன்னா?" என்றார் சென்னியப்பன்.

"அவ ஒண்ணுஞ் சொல்லல. போனே பண்ணல." துளசிமணி ஈரக்கையோடு திரும்பி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஆனா இப்பத்தானுங்க மொத தடவையா கொரவளை அசையாம நின்னுச்சு. என்ன வரப்போகுதுன்னு உங்களுக்குத் தெரியல, அதான்."

"அதுக்கு?"

"நாளைக்கு நான் பேசறேன். நீங்க கேளுங்க."

"ஒரு மணி நேரமா? எனக்குத் தெரியாத சேதி உங்கிட்ட என்ன இருக்குது?"

"ஒரு மணி நேரம் பத்தாதுங்க" என்றார் துளசிமணி.

திங்கட்கிழமை மௌன மண்டப வாசலில் இயக்குநர் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். மௌன மண்டபத்தில் ஒரு பெண்மணி ஒரு மணி நேரம் பேசப்போகிறார் என்பது அவருக்குத் தத்துவ ரீதியாகவே பொறுக்கவில்லை. டாக்டர் மெஹருன்னிசா நிதானமாகச் சொன்னார்:

"நோயாளி பேசக் கூடாதுன்னுதான் சார் விதி. கூட வந்தவங்களைப் பத்தி ஒண்ணுமில்ல. இந்த மருந்துல கதிர்வீச்சும் கம்மி, அவங்க எட்டி உக்காந்தாப் போதும்."

"இதை வரலாறு மன்னிக்காது" என்று சொல்லிவிட்டு இயக்குநர் வழி விட்டார்.

ஊசி போட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். டாக்டர் கண்ணாடிக்கு வெளியே, ஒலிபெருக்கியில் கேட்டபடி நின்றார். துளசிமணி ஒரு ஸ்டூலை இழுத்துச் சுவரோரமாகப் போட்டுக்கொண்டார். இயக்குநரின் படத்தைச் சரியாக மறைத்து உட்கார்ந்தார்.

"பெருந்துறைக் கேடயம் ஒண்ணு ஷோகேஸ்ல இருக்குதில்லீங்க" என்று ஆரம்பித்தார். "அது பெருந்துறையில குடுத்தது இல்ல. நெசமான கேடயத்த நான் தொடைக்கறப்பக் கீழ போட்டு ஒடச்சுட்டேன். இப்ப இருக்கறது கவுண்டம்பாளையத்துல ஒரு கபடி டீமுக்கு அடிச்சு, அவங்க வாங்காம விட்டது. நீங்க வர்றவங்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டறீங்க. கீழ ஓரத்துல ஒருத்தன் காலப் புடிச்சு இழுக்கற மாதிரி பொம்மை இருக்குமே, அத நீங்க 'தமிழன்னை காலடியில் புலவன்'னு சொல்லீட்டு இருக்கீங்க."

சென்னியப்பனின் கண் விரிந்தது. கழுத்து அசையவில்லை.

பிறகு துளசிமணி நிறுத்தவில்லை. சிகிச்சையின்போது அவருக்குக் குரல் இல்லாதிருந்த வாரங்களில், அவருடைய பழைய பேச்சுகளைப் போட்டுவிட்டுத் தாம் சமையலறையில் எதிரணியாக நின்று பேசியதைச் சொன்னார். எல்லாவற்றிலும் தாமே ஜெயித்ததையும், தீர்ப்புச் சொன்ன பக்கத்து வீட்டம்மாளுக்கு அவருடைய பொன்னாடை ஒன்றையே போர்த்தியதையும், அந்தப் பொன்னாடை இன்று அவர்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்கு உறையாக இருப்பதையும் சொன்னார். அவருடைய அணித் தலைவர் ஒருவர் எல்லா ஊரிலும் சொல்லும் நகைச்சுவை, உண்மையில் துளசிமணி ஒரு பேருந்தில் சொன்னது என்பதைச் சொன்னார். சென்னியப்பனின் வயிறு குலுங்கத் தொடங்கியது. சத்தம் வெளியே வராமல் உதட்டை இறுக்கிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. விலா இரண்டும் வலித்தன. கழுத்து மட்டும் பொங்கல் வைத்த அடுப்புக்கல் மாதிரி நின்றது. மறுப்புச் சொல்ல அதற்கு ஒன்றுமே தோன்றவில்லை. அடுத்து என்ன வரும் என்பது ஒன்றுதான் அதன் கவலை.

"கோபியில மாரியம்மன் நோம்பிக்குப் பேசுனீங்களே, நம்ம கல்யாணத்துக்கு முந்தி" என்றார் துளசிமணி. "ஊசி விழுந்தாக் கேக்கற மாதிரி கூட்டம் கட்டுண்டு கெடந்துச்சுன்னு எல்லா ஊர்லயும் சொல்லுவீங்க. அந்தக் கூட்டத்துல நானும் இருந்தேன்."

சென்னியப்பன் சிரிப்பதை நிறுத்தினார்.

"எங்கப்பா யாருக்குந் தெரியாமக் கூட்டீட்டு வந்தாரு. நீங்க பொண்ணு பாக்க வர்றதுக்கு முந்தி, நாங்க மாப்பள பாக்க வந்தோம். பொம்பளைங்க பக்கத்துல, மைக் செட்டுக்காரர் டேபிளுக்கு ஒட்டி எடம் கெடச்சுது. நீங்க எந்திரிச்சீங்க. கொஞ்ச நேரம் பேசுனீங்க. அப்பறம் மைக்கு நின்னுபோச்சு. உங்களுக்குத் தெரியல. கூட்டம் மூச்சு விடாமக் கேக்குதுன்னு நெனச்சீங்க. கூட்டத்துக்கு ஒண்ணுமே காதுல விழுகல, மைக்கு எப்ப வரும்னு காத்துட்டு இருந்துச்சு."

கண்ணாடிக்கு வெளியே டாக்டர் மெஹருன்னிசா தம் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கையை ஆட்டறீங்க. குனியறீங்க. நிமுந்து நீங்களே சிரிக்கறீங்க. சத்தம் மட்டும் இல்ல. மழையில நனையற கொழந்த மாதிரி அப்படியொரு சந்தோசம் மொகத்துல. எங்கப்பா காதுல கேட்டாரு, 'என்ன கண்ணு, புடிச்சிருக்குதா'ன்னு. தலைய ஆட்டுனேன். உங்க பேச்சுல மயங்கித்தான் நான் கட்டிக்கிட்டேன்னு ஊரெல்லாஞ் சொல்றீங்க. நெம்ப நாளா சொல்லோணும்னு இருந்தேன். பேச்சே கேக்கலீங்க நான்."

சென்னியப்பனின் கழுத்து அப்போதும் அசையவில்லை.

"அந்த மைக்கு தானா நிக்கல" என்றார் துளசிமணி. "யாரோ ஒயரப் புடுங்கி விட்டுட்டாங்க. யாருன்னு தெரியுமுங்களா?"

மணி அடித்தது. கதவு திறந்தது. நர்ஸ் வந்து சென்னியப்பனைத் தள்ளுவண்டியில் படுக்கச் சொன்னார். அவர் மனைவியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். துளசிமணி கையை ஆட்டி வழியனுப்பினார்.

இயந்திரத்துக்குள் படுத்திருந்தபோது சந்தேகப் பட்டியல் நீண்டது. எதிரணியின் குமரேசனா? மைக் செட்டுக்காரரே செய்தாரா? தம்மைப் பொறாமையோடு பார்த்த சொந்த அணிக்காரனா? ஊசியில் ஏற்றிய சர்க்கரை போக வேண்டிய இடத்துக்குப் போயாகிவிட்டது, இனி எவ்வளவு யோசித்தாலும் பாதகமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்ததால் யோசித்தார். குரல்வளை போகுமா இருக்குமா என்பதை அந்த நேரத்தில் அவர் மறந்தே போனார் என்றால் நம்ப மாட்டீர்கள். ஆனால் அதுதான் நடந்தது.

திரையில் படம் வந்தது. எல்லோரும் தொண்டையைப் பார்த்தார்கள். தொண்டை, மழை பெய்த ராத்திரி மின்சாரம் போன தெரு மாதிரி இருட்டாக இருந்தது. துளசிமணி சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த நாற்பது கிலோ உடம்பு இத்தனை நாள் எதைத் தூக்கிக்கொண்டு நடந்தது என்பது அப்போதுதான் சென்னியப்பனுக்குத் தெரிந்தது.

"கொஞ்சம் கீழே பாருங்கள்" என்றார் இயக்குநர்.

மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே, இடமிருந்து வலமாக, மாவிலைத் தோரணம் கட்டியதுபோல ஒரு வெளிச்சம். விலாக்களிலும் வரிவரியாக.

"பரவிவிட்டது" என்றார் இயக்குநர். குரலில் துக்கம் இருந்தது. அதற்கடியில், அடுத்த மாநாட்டில் படிக்க ஒரு கட்டுரை கிடைத்த மலர்ச்சியும் இருந்தது. "தொண்டையிலிருந்து உதரவிதானத்துக்கு. ஒரே வாரத்தில். இப்படியொரு பாய்ச்சலை உலகம் கண்டதில்லை."

"புத்து வூடு காலி பண்ணீட்டுப் போகுமுங்களா?" என்றார் துளசிமணி. "பழைய வூட்ட இவ்வளவு சுத்தமாக் கூட்டிப் பெருக்கி வெச்சுட்டு?"

"அது சிரிப்பு சார்" என்றார் மெஹருன்னிசா. "உதரவிதானமும் விலாத் தசையும் சிரிச்சாத்தான் இப்படி உழைக்கும். மறுபடியும் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே அளவு. ஒரு மணி நேரம் சத்தமில்லாமச் சிரிச்சிருக்காரு. நான் பாத்துட்டுத்தான் நின்னேன்."

"சிரிப்பா? திரிநேத்ராவின் நோய்ப் பட்டியலில் சிரிப்பு இல்லையே. அது சொல்வதை நாம்..."

திரையின் மூலையில் ஒரு வரி மெல்ல வந்து நின்றது. *முதல் படமும் இரண்டாம் படமும் ஒத்துவரவில்லை. மருத்துவரைக் கேட்டு முடிவு செய்க.*

தனக்குத் தெரியவில்லை என்று சொல்ல இயந்திரத்துக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருந்தது. இரண்டாம் தடவை கேட்கத்தான் ஆளில்லை. இயக்குநர் அந்த வரியைச் சொந்தக்காரர் கைவிட்டதுபோலப் பார்த்தார்.

"அப்படின்னா முடிவு என்னோடது" என்றார் டாக்டர் மெஹருன்னிசா. பட்டிமன்ற நடுவர்கள் தீர்ப்புக்கு முன்னால் பாடும் பாட்டு, சொல்லும் கதை, குடிக்கும் சோடா எதுவும் இல்லை. "நோய் இல்ல. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் ரத்து. அடுத்த வருசம் வாங்க."

இத்தனைக்கும் நடுவே சென்னியப்பன் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். பேசலாம் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லாவிட்டாலும் பேசாமலிருப்பவர் என்று அவரைப் பற்றி யாரும் நினைத்ததில்லை.

"இனி பேசலாம் சார்" என்றார் டாக்டர்.

இயக்குநர் அதற்குள் தேறிவிட்டார். சட்டையை நீவிக்கொண்டு, தம் போனை மைக் மாதிரி நீட்டினார். "உலகிலேயே முதன்முறையாகச் சிரிப்பைப் படம்பிடித்த இயந்திரம் நம்முடையது. இந்த வரலாற்றுத் தருணத்தில் பேரருவி ஐயா ஒரு சில வார்த்தைகள்..."

சென்னியப்பன் போனைப் பார்க்கவில்லை. துளசிமணி பக்கம் திரும்பினார்.

"யாரு புடுங்குனா?"

துளசிமணி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"நாந்தானுங்க. காலுக்குப் பக்கத்துலயே கெடந்துச்சு. செட்டுக்காரரு டீ குடிக்கப் போயிருந்தாரு."

"ஏன்?"

"பேச்சு எப்படின்னு ஊரே சொல்லுச்சு. பேச்சு இல்லாம ஆளு எப்படின்னு பாக்கோணுமில்ல."

பேரருவி வாயைத் திறந்தார். எதிர்வாதம் எதுவும் வரவில்லை. சிரிப்புதான் வந்தது, இந்தத் தடவை சத்தத்தோடு. கொஞ்சம் கரகரப்பாக, மூச்சு வாங்கிக்கொண்டு, சொந்தக் குரலில்.